காற்றுச் செடிக்கு ஆகாதது

என் வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது. பதினோராவது மாடியில் மண்ணுக்கு என்ன வேலை? ஆனாலும் பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்கு வருகிற யாரும் லிஃப்டை விட்டு இறங்கியதும் முதலில் என் வாசலைத்தான் பார்ப்பார்கள். இரும்புக் கிரில் முழுக்கச் செடிகள் தொங்கும். தொட்டி கேட்காத, மண் கேட்காத செடிகள். காற்றில் இருக்கிற ஈரத்தையும் நான் காட்டுகிற தண்ணீரையும் இலையாலேயே குடித்துவிட்டு, கொடுத்த இடத்தில் இருந்துகொள்ளும். காற்றுச் செடி என்று நான் சொல்லுவேன். பக்கத்து வீட்டு அக்கா 'உன் பரட்டைத் தலைச் செடி' என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. பூக்காத நாளில் அவை தலை வாராமல் எழுந்து வந்த பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும்.

பூக்கிற நாளில் வந்து பாருங்கள். நரைத்த பச்சையாக இருந்த சின்னச் செடி நடுவிலிருந்து சிவக்க ஆரம்பிக்கும். கன்னம் சிவக்கிற மாதிரி, மெதுவாக, யாருக்கும் தெரியாமல். பிறகு ஊதா நிறத்தில் குச்சி குச்சியாகப் பூ நீட்டும், நுனியில் மஞ்சள் பொடியோடு. அப்படிப் பூக்கிற செடிக்கு என் வீட்டில் தனி மரியாதை. கிரில்லில் கண்ணுக்கு நேரான இடம் அதற்குத்தான். பூ முடிந்ததும் பின்பக்க பால்கனிக்குப் போய் அமைதியாகக் குட்டி போடலாம். ஒரு செடி வாழ்நாளில் ஒரு முறைதான் பூக்கும், அதனால் அந்த ஒரு முறையை ஊர் பார்க்கட்டும் என்பது என் கொள்கை.

கொள்கை என்று சொன்னால் எனக்கு நிறைய உண்டு. நான் ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை. பேச்சு எப்போதும் வெட்டொன்று துண்டிரண்டுதான். டவுனில் ஒரு காப்பிக் கடையில் இந்தச் செடிகளைக் கண்ணாடி உருண்டைக்குள் போட்டு மேசைக்கு மேசை வைத்திருந்தார்கள். முதலாளியைக் கூப்பிட்டு, "இது பினாங்குலா தம்பி. வெளியவே காத்து ஈரத் துண்டு மாதிரி இருக்கு. இதக் கண்ணாடிக்குள்ள அடைச்சா அவிஞ்சு போயிரும்," என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த முறை போனபோது உருண்டைக்குள் பிளாஸ்டிக் செடி இருந்தது.

என் வீட்டில் கண்ணாடி கிடையாது. கடலோரம் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி வந்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அதில் கட்டுவேன். என் அம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் விட்டுப்போன பிரம்பு இடியாப்பத் தட்டுகள் ஓர் அடுக்கு இருந்தன. கடையில் இடியாப்பம் வாங்கித் தின்கிற எனக்கு அவை எதற்கு? இன்று அவற்றில் செடிகள் உட்கார்ந்திருக்கின்றன. கீழிருந்தும் காற்று போகும், தண்ணீர் தங்காது, இந்தச் செடிக்கென்றே பின்னியதைப் போல இருக்கும். கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு. கம்பி கூடவே கூடாது, அதிலும் செம்புக் கம்பி விஷம். என்னிடம் குட்டி வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பேன்.

என் தம்பி வந்து சேர்ந்தது இந்த வீட்டுக்குத்தான். அவனும் அவன் மனைவியும் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வயதானவர்கள். அவளுக்கு நோய் கண்டு, வைத்தியம் பார்த்து, பார்த்தும் பலன் இல்லாமல் அவள் போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு மதியம் நான் அங்கே போனேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவன் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டிவி ஓடவில்லை, காற்றாடி ஓடவில்லை. என்னோடு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. பெட்டியை எடு என்றேன்.

பெட்டியில் நாலு சட்டை வைத்தான். கையில் ஒரு செம்புக் குடத்தைத் தூக்கிக்கொண்டான். அந்தக் குடத்தை எனக்குத் தெரியும். அவளுக்கு நோய் என்று தெரிந்ததும், செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவன் போய் அதை வாங்கி வந்தான். புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, இரவில் தண்ணீர் நிரப்பி மூடி வைப்பான். விடிந்ததும் முதல் டம்ளர் அவளுக்கு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தான், அவரும் கெடுதல் இல்லை, குடிக்கட்டும் என்றிருக்கிறார். மருந்துக்கு மருந்தும் கொடுத்தான், தண்ணீரும் கொடுத்தான். நோயாளி மனைவியை அப்படிப் பார்த்துக்கொண்ட ஆம்பளையை நான் கண்டதில்லை.

என் வீட்டுக்கு வந்து குடத்தைச் சமையலறை மூலையில் வைத்தான். பிறகு இங்கேயும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சோறு போட்டால் தின்பான். குளி என்றால் குளிப்பான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். நான் பேச்செடுத்தாலும் எழுந்து முகம் கழுவப் போய்விடுவான். சோறு போட்டு ஒருவனை உயிரோடு வைத்திருக்கலாம், அதற்கு மேல் நம்மால் ஆகாது. இவன் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து முடிந்துபோவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் எனக்குப் பழக்கமில்லாத சாமான், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதனால் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது என் திட்டு இல்லை. என்னிடம் ஒரு பெரிய செடி இருந்தது. வெள்ளி பூத்த அகல இலைகள், ஒவ்வொன்றும் சுருண்டு சுருண்டு கீழே வழியும். அதை நான் பெரியவள் என்றுதான் கூப்பிடுவேன். பல வருஷம் ஆகியும் பூக்காதவள். ஒரு காலை அவன் வாசலில் நின்று கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது நேத்து இப்படி இல்லையே," என்றான்.

யாரும் கேட்காமல் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியவளின் நடுவில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. பூத்தண்டு.

"பூக்கப் போறாடா," என்றேன்.

"எப்ப?"

"அவசரப்பட மாட்டா. மாசக் கணக்கு ஆகும். நீதான் பாத்துக்கணும்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. என் செடியை நான் யாரையும் தொட விட்டதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பேரப்பிள்ளைகள் என் கிரில் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கும். ஆனால் அன்று அந்த வேலையை முழுசாக அவன் கையில் கொடுத்தேன். காலையில் சமையலறை பேசினில் தண்ணீர் விட்டு ஊறவை, எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறு, நடுவில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது, காற்றாடிக்கு அடியில் காயவைத்துவிட்டு மாட்டு. அவ்வளவுதான் என்றேன். அவன் திருப்பிச் சொல்லிக் காட்டினான்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு காற்று அடித்தது. நான் எழுந்திருக்கும் முன்னே அவன் எழுந்துவிடுவான். நான் காப்பி கலக்க வருவதற்குள் செடிகள் குளித்து முடித்து, சோபா முழுக்கத் துண்டின் மேல் தலைகீழாகக் கிடக்கும். பெரியவளின் தண்டை விரலால் அளப்பான். "அக்கா, இன்னிக்கு அரை விரல்லா," என்பான். பாசாருக்குப் போய் இறால் வாங்கி வந்தான். பக்கத்து வீட்டு அக்காவிடம் நின்று பேசினான். அவர் குடும்பத்துக்குச் சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை. கடை மீன் கறியில் புளி கூடிவிட்டது என்று இவன் அவரிடமே சொல்லியிருக்கிறான். அவர் என்னிடம் வந்து, "உன் தம்பிக்கு உயிர் வந்துருச்சு, வாயும் வந்துருச்சு," என்றார். நான் வெளியே முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டேன், உள்ளே எனக்கு ஆடலாம் போல இருந்தது.

பிறகு செடிகள் கருக ஆரம்பித்தன. முதலில் நுனிகள். வெயில் என்று நினைத்து உள்ளே தள்ளி மாட்டினேன். பிறகு ஒரு சின்னச் செடியின் நடு இலைகள் தொட்டதும் கையோடு வந்தன. அடுத்தது இன்னொன்று. என் வீட்டில் செடி அழுகுவதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அக்கரையில் காடு எரிக்கும்போது வருகிற புகை மூட்டம் என்றேன். எதிர் வீட்டுச் சீனத் தாத்தா ஏற்றுகிற ஊதுபத்தி என்றேன். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, காரிடோர்ல என்னா மருந்து அடிக்கிறீங்க?"

"கரப்பான் பூச்சிக்குத்தாம்மா. ஏன், உன் செடிக்குக் கரப்பான் சொந்தமா?"

"அந்த மருந்துதான் என் செடியக் கொல்லுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றோடு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் மீன் கறியும் வந்தது, புளி குறைத்து. கரப்பான்கள் காரிடோரில் ஊர்வலம் போயின, என் செடிகள் செத்துக்கொண்டேதான் இருந்தன.

எனக்குச் செடி போவதைவிட அவன் முகம் போவதுதான் தாங்கவில்லை. செத்ததை ஒவ்வொன்றாக எடுத்து இடியாப்பத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நிமிர்ந்து பார்க்காமலே, "எனக்குக் கை ராசி இல்லக்கா," என்றான்.

"கை ராசியாவது கழுதையாவது. சாப்பிடு."

"இல்லக்கா. நான் பாத்துக்கிட்டது எதுவும் தங்காது."

அவன் செடியைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பதிலுக்கு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். மறுநாளிலிருந்து அவன் செடிகளை இன்னும் நேரம் கூட்டி ஊறவைத்தான். தண்ணீர் போதவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம். பாவம், அதற்கு மேல் அக்கறையாக யாரும் செய்ய முடியாது.

ஒரு காலை இடி இடித்து எனக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. சமையலறைக்கு வந்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். பேசினில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். அவன் செம்புக் குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அவள் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"தண்ணி காட்டுறேன்." திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். "பைப் தண்ணி நேரா வேணாம்னு இதுல புடிச்சு வச்சிருவேன்க்கா. ராத்திரியெல்லாம் செம்புல இருக்கும். நல்ல தண்ணி."

குடம் பளபளவென்று இருந்தது. தினமும் புளி போட்டு விளக்குகிறவனுடைய குடம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் செம்பு ஆகாது செம்பு ஆகாது என்று ஓதியவள் நான். கம்பியைத்தான் நினைத்தேன். தண்ணீரில் இறங்கி வரும் என்று தோன்றவே இல்லை. ஊறவை, உதறு, காயவை என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. பைப்பைத் தவிர வேறு தண்ணீர் இந்த வீட்டில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பெரியவளை உதறுவதற்காகத் தலைகீழாகத் தூக்கினான். நடுப்பகுதி, பூத்தண்டோடு சேர்ந்து, கழன்று பேசினில் விழுந்தது. அடியில் கருப்பாக, குழகுழவென்று. அப்போதுதான் தண்டின் நுனி சிவக்கத் தொடங்கியிருந்தது.

அவன் தண்ணீரிலிருந்து தண்டை எடுத்துத் துடைத்தான். பிறகு தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

நான் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். யாருக்கும் காப்பி தேவைப்படவில்லை. எனக்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டது. வாழ்க்கையில் எந்த மேலதிகாரியிடமும் சொல்ல வந்ததை நான் மென்று விழுங்கியதில்லை. ஆனால் இங்கே எதைச் சொல்வது? செம்புத் தண்ணீர்தான் கொன்றது என்று சொன்னால் இவன் அதோடு நிற்க மாட்டான். அடுத்த அடி எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியும். காலை தவறாமல் தன் கையால் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தது யாருக்கு? சரி, புகை மூட்டம்தான்டா என்று பொய் சொல்லிவிட்டுக் குடத்தை எங்காவது ஒளித்து வைக்கலாம். சொன்னால் நம்புவான். நம்பிவிட்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மிச்ச காலத்தை நாற்காலியில் கழிப்பான். எதைச் சொன்னாலும் இவனுக்கு அடிதான்.

தண்ணீர் கொதித்தது. அடுப்பை அணைத்தேன். செம்பு என்பது ஒரு காரணம், காரணத்தோடு சண்டை போடலாம். ராசியோடு யார் சண்டை போட முடியும்? எனக்குச் சண்டைதான் வரும். திரும்பி நின்றேன்.

"தம்பி, உன் கையில ஒண்ணும் இல்ல. தண்ணியிலதான். இந்தச் செடிக்குச் செம்பு ஆகாது. நான்தான் உன்கிட்ட சொல்லல."

அவன் குடத்தைப் பார்த்தான். பேசினைப் பார்த்தான். நான் எதிர்பார்த்த இடத்துக்கு வர அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அப்ப அவளுக்கு?"

"அவளுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"எப்படிக்கா தெரியும்?"

"டேய், உப்பு இல்லாம உனக்குச் சோறு இறங்குமா? அதே உப்பக் கரைச்சுச் செடிக்கு ஊத்து, கருகிப் போயிரும். அதுக்காக உப்பு உன்னக் கொன்னுருச்சா? நீ டாக்டரக் கேட்டுத்தான கொடுத்த?"

"கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"குடிக்கட்டும்னாரு." கொஞ்சம் நிறுத்தினான். "செடியும் குடிக்கட்டும்னுதான நான் நெனச்சேன்."

வாய்ப்பேச்சில் இவனை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தேன். குடத்தைச் சாய்த்து, மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடக்மடக்கென்று குடித்தேன். நாக்கில் பழைய காசை வைத்த மாதிரி ஒரு ருசி. நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, இரண்டாவது டம்ளர் ஊற்றக் குடத்தைத் தூக்கினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்க்கா."

"ஏன், நான் செத்துருவேன்னு பயமா? விடு. நாளைக்கும் குடிப்பேன், நாளான்னைக்கும் குடிப்பேன். உன் கண்ணு முன்னாலயே உட்காந்து குடிப்பேன்."

"பயமில்லக்கா." அவன் கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "நீயும் அவள மாதிரியேதான் மூஞ்சிய வச்சுக்கிற."

அவள் போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கு அந்த ருசி புடிக்கவே புடிக்காதுக்கா," என்றான். "நான் அந்தப் பக்கம் திரும்புனா மூஞ்சியச் சுளிப்பா. அலமாரிக் கண்ணாடியில எனக்குத் தெரியும். நான் இந்தப் பக்கம் திரும்பிட்டா, தண்ணி நல்லா இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே குடிச்சு முடிச்சிருவா. ஒரு சொட்டு வைக்க மாட்டா."

"அப்புறம் ஏண்டா கொடுத்த?"

"அதையும் நிறுத்திட்டா வேற என்னா செய்றதுன்னு எனக்குத் தெரியலக்கா. அது அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் குடிச்சா."

சொல்லிவிட்டு அழுதான். வாய்விட்டு, வெட்கப்படாமல், நடுச் சமையலறையில் நின்று அழுதான். அவன் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். இன்னொன்றை இழுத்துப் போட்டு நான் எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னும் சொல்லு," என்றேன்.